640 பவுண்டு வாங்கிக்கொண்டு, ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காத துப்பாக்கிக் கடை

ஆத்திரத்தோடு எழுத வேண்டாம் என்று ஓர் இரவு தள்ளிப் போட்டுப் பார்த்தேன்; விடிந்த பிறகும் அடங்கவில்லை. இங்கிலாந்தில், வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் நம்மவர்கள் மிகச் சிலரே இருக்கிறோம். அந்தச் சிலரில் ஒருவராவது நான் இழந்த 640 பவுண்டை இழக்காமல் இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது மேலும் கீழுமாக இரட்டைக் குழல் கொண்ட, பழையதாக வாங்கிய 12 போர் (குழல் விட்ட அளவு) ஷாட்கன், அதாவது ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி. மேலெழும் தட்டுகளைச் சுடும் ட்ராப் போட்டிக்கென்று செய்யப்பட்டது என்பதால் இயல்பாகவே உயரச் சுடும். நான் சுடுவதோ குறுக்கே பறப்பதும் கீழே இறங்குவதுமான தட்டுகளை. பாதிக்கு மேல் அவற்றின் தலைக்கு மேலேயே ரவை (அந்தச் சிறு குண்டுகள்) போய்க்கொண்டிருந்தது. கிளப்பில் உள்ள இரும்புத் தகட்டில் வெள்ளையடித்து, நடுவில் ஒரு கரும்புள்ளி வைத்து, 16 கஜத்திலிருந்து, குறிபார்த்து நிற்காமல் தோளில் ஏற்றியவுடனே, ஒவ்வொரு குழலிலும் ஆறு தோட்டா சுட்டுப் பார்த்தேன். ரவைக்கூட்டத்தின் நடு, புள்ளிக்கு 4 அங்குலம் மேலே விழுந்தது. இடம் வலம் விலகல் இல்லை.

ஷாட்கன்னில் குழல்முனையில் குறிக்காக ஒரு சிறு உருண்டை மணி உண்டே தவிர, பின்பக்கக் குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. அந்தக் கண் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை ஸ்டாக்கில் (தோளில் பதியும் மரப்பகுதியில்) கன்னம் படியும் மேல்விளிம்பு தீர்மானிக்கிறது. என் கண்ணுக்கும் மணிக்கும் இடையே ஏறத்தாழ 36 அங்குலம். 16 கஜம் என்பது 576 அங்குலம், அதாவது அதைப்போல் 16 மடங்கு. ஆகவே கண் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு இறங்கினால், தகட்டில் அடி ஓர் அங்குலம் இறங்கும். எனக்குப் புள்ளிக்கு 2 அங்குலம் மேலே விழுந்தால் போதும். அதற்கு மரத்தில் எட்டில் ஓர் அங்குலம், சுமார் 3 மில்லிமீட்டர், எடுத்தால் சரியாகிவிடும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதியே கொண்டுபோனேன்.

லண்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், துப்பாக்கி விற்பதும் பழுதுபார்ப்பதும் சுடுபவரின் உடலுக்கு அளவெடுத்துப் பொருத்துவதுமாக இருக்கும் கடை அது. பொருத்துநர் எழுபதை நெருங்கியவர். துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை திறந்து காட்டிவிட்டு, என்னைக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றச் சொன்னார். பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லி, குழலின் நேரே தன் முகத்தை வைத்து என் கண்மணி எங்கே நிற்கிறது என்று பார்த்தார். என் தாளை வாங்கிப் படித்து, "கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். நான் விழுந்த இடம் அதுதான். புகழ்ச்சிக்கு மயங்கியவன் ரசீதைப் படிப்பதில்லை. அளவெடுப்பு, மரவேலை, மெருகு, தகட்டுச் சோதனை எல்லாம் சேர்த்து 680 பவுண்டு. கார்டு வேண்டாம், வங்கியில் நேராக அனுப்பினால் 640 என்றார்கள். அங்கேயே நின்று கைபேசியில் 640 பவுண்டை அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துத் துப்பாக்கி வந்தது. வால்நட் மரம் எண்ணெய் மெருகில் பளபளத்தது. வேலைத்தாளில் "16 கஜத் தகட்டில் சோதிக்கப்பட்டது" என்ற வரிக்கு நேரே ஒரு டிக். மறுநாள் கிளப்பில் அதே தோட்டாவால், அதே சோக்கில் (ரவை பரவும் அளவைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கத்தில்) சுட்டேன். ரவைக்கூட்டத்தின் நடு, புள்ளிக்கு ஓர் அங்குலம் கீழே, 2 அங்குலம் வலப்புறமாக விழுந்தது. குழலின் மேல் ஒரு நேர்க்கோலை வைத்து அதன் பின்முனைக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். முன்பு என் குறிப்பேட்டில் 35 மில்லிமீட்டர், இப்போது 43. மூன்று கேட்டவனுக்கு எட்டு செதுக்கியிருக்கிறார்கள். அது போதாதென்று கன்னம் படும் பக்கத்தையும் இழைத்து மெலிய வைத்துவிட்டதால், கண் வலப்புறம் நகர்ந்து, அடியும் வலப்புறம் போகிறது.

தொலைபேசியில் முதல் பதில்: புது மெருகு, மரம் அமர இரண்டு வாரம் ஆகும். மெருகு அமர்ந்தால் போன மரம் திரும்பி வளருமா என்று கேட்டேன். இணைப்பை வேறொருவருக்கு மாற்றினார்கள். இரண்டாவது பதில்: நீங்கள் சுடும்போது தலையைத் தூக்குகிறீர்கள். தலையைத் தூக்கினால் கண் ஏறும், கண் ஏறினால் அடியும் ஏறும். என் அடியோ கீழே விழுகிறது. இந்த அடிப்படை தெரியாமலா அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? மூன்றாவது பதில்: பொருத்துநர் விடுமுறையில் இருக்கிறார். நான்காவதாக, 50 பவுண்டுக்குத் தோட்டா இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். இழந்தது 640.

நேற்று நேரில் போய், சோதித்த தகட்டைக் காட்டுங்கள் என்றேன். கடையின் பின்புறம் அழைத்துப் போன பையன் பாவம், அவனுக்கே சங்கடமாகிவிட்டது. தகட்டின் முன்னே இடுப்புயரத்துக்குக் காஞ்சொறிச் செடி மண்டிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவில் தூரிகை இறுகிப் போயிருந்தது. பிடித்துத் தூக்கினால் டப்பாவும் கூடவே வந்தது. அந்த இடத்தில் இந்தக் கோடையில் யாரும் ஒரு தோட்டா சுட்டிருக்க முடியாது.

கவனமும் திறனும் இல்லாமல் செய்த வேலையைத் திரும்பச் செய்து தரவோ, கட்டணத்தைக் குறைக்கவோ 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி கேட்கலாம் என்பதால், கடிதம் அனுப்பியிருக்கிறேன். 680 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்தையே பொறுப்பாக்கியிருக்கலாம். நாற்பது பவுண்டு மிச்சம் பிடிக்கப் போய் அந்த வழியை நானே அடைத்துக்கொண்டேன்.

இனிப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில சொற்கள். உங்கள் கண்முன் தகட்டில் சுடாத கடையில் மரத்தில் கைவைக்க விடாதீர்கள். செதுக்கிய மரம் திரும்பாது. உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கன்னக்கட்டை பொருத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஒப்படைக்கும் முன் நேர்க்கோல் வைத்து அளந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள்.

செதுக்கிய மரத்தின் மேல் ஒட்டுப் பட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டி இப்போதைக்குச் சமாளிக்கிறேன். கடிதத்துக்குப் பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்; 640 பவுண்டு வந்தால் அதையும்.