விட்பியில் வாங்கிய மண்டையோட்டுப் பெட்டி, ஆறு மாதம் கழித்து

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். பெட்டி 42 பவுண்ட், வௌவால் ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) 14 பவுண்ட், இரண்டிலும் பாலிமர் களிமண் வேலை. "பிளாஸ்டிக்குக்கா இவ்வளவு?" என்றார் என் கணவர். பிளாஸ்டிக்தான், மறுக்கவில்லை. பாலிமர் களிமண் என்று பெயரில் களிமண் இருக்கிறதே தவிர அதில் மண் கிடையாது. பி.வி.சி., அதை இளக்கி வைத்திருக்கும் எண்ணெய் மாதிரி ஒரு சமாச்சாரம், நிறம், அவ்வளவுதான். வீட்டு ஓவனில் வைத்தால் இறுகிவிடும். தண்ணீர்க் குழாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்துதான் வாங்கினேன், இன்னொன்றும் வாங்கப் போகிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸில். மகளுக்குப் பதினாறு வயது, ஒரு வருடமாக உள்ளங்கால் வரை கறுப்புதான் போடுகிறாள். ஊரிலிருந்து வீடியோவில் பார்த்த அம்மா, "நல்ல நாளும் அதுவுமா மண்டையோட்டை மாட்டிக்கிட்டு நிக்குறா, நீ பார்த்துக்கிட்டு இருக்கே" என்று என்னைத்தான் திட்டினாள். காளி கழுத்தில் கிடந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், பேத்தி கழுத்தில் கிடந்தால் ஆகாதா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அக்டோபர் கடைசியில் கடற்கரை ஊரான விட்பியில் கோத் கூட்டம் (கறுப்பு உடை, மண்டையோடு, வௌவால் என்று திரியும் பாணிக்காரர்கள்) கூடும், கூட்டிப்போ என்று மகள் நச்சரித்தாள். யார்க், பிக்கரிங் தாண்டி மூர் என்கிற புதர் மண்டிய மேட்டு நிலம் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், அதிலும் கடைசி இருபது மைல் முழுக்க மூடுபனி. பிராம் ஸ்டோக்கர் 1890இல் இந்த ஊரில் வந்து தங்கியதும், பிறகு தன் நாவலில் டிராகுலாவை இங்கே கரையேற்றியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் புண்ணியத்தில் 1994இலிருந்து கோத் ஆட்கள் இங்கே வந்து குவிகிறார்கள். 199 படி ஏறி மடாலத்தைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க இறங்கிய பிறகுதான் பெட்டி வாங்கிய ஸ்டாலுக்குப் போனோம்.

ஸ்டால் என்றால் ஒரு மேசைதான். அதில் சவப்பெட்டி வடிவத்தில் காதணி, ரோஜா முளைத்த மண்டையோடு, கண் விழித்துப் பார்க்கும் நோட்டுப் புத்தக அட்டை, இன்னும் என்னென்னவோ. இந்த மாதிரிப் பொருள் அன்றைக்கு அங்கே பத்து மேசையிலாவது இருந்தது. ஒன்பதைத் தாண்டி இதில் மட்டும் நான் நின்றதற்குக் காரணம் பல்.

மற்ற மேசைகளில் மண்டையோட்டின் பல் எல்லாம் கோடு போட்ட மாதிரி இருந்தது, பியானோக் கட்டை போல ஒரே அளவு. இந்த மேசைக்காரர் செய்ததில் முன்பல் அகலம், அதற்கடுத்தது கொஞ்சம் சின்னது, கோரைப்பல் லேசாகத் திரும்பி நிற்கிறது, கடைவாய்ப் பல்லில் குழிகூட இருக்கிறது. ஈறு இருந்த இடத்தில் எலும்பு அரித்திருக்கும் பாருங்கள், அதுவும் உண்டு. இத்தனையும் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தாடையில். "நீங்கள் டாக்டரா?" என்று கேட்டேன். சிரித்தார். பதினேழு வருடம் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாராம். மேசைக்கடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார், மெழுகில் பல் செதுக்குகிற பழைய கருவிகள் அப்படியே உள்ளே இருந்தன. களிமண் கடையில் விற்கும் கருவி ஒன்றுகூட வாங்கியதில்லையாம்.

பின்னால் என் கணவர் கேட்ட கேள்வியை நான் அன்றைக்கே மேசைக்காரரிடம் கேட்டுவிட்டேன், கொஞ்சம் நாசூக்காக. விட்பி ஜெட் கல்லுக்குப் பேர்போன ஊர், சர்ச் தெருவில் வரிசையாக ஜெட் நகைக் கடைகள். ஏறக்குறைய 18 கோடி வருடத்துக்கு முந்தைய மரம் மக்கிக் கறுத்து இறுகியது அது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்து விக்டோரியா ராணி கறுப்புக்கு மாறிய பிறகு துக்க நகை என்றால் ஜெட் என்று ஆகிப்போனது. நிஜக் கல்லே தெருவில் கிடைக்கும்போது ஓவனில் சுட்ட பிளாஸ்டிக்கை யார் வாங்குவார்கள்? அவர் கோபப்படவே இல்லை. அந்தக் காலத்திலேயே ஜெட் வாங்க வசதியில்லாதவர்கள் வல்கனைட் நகைதான் போட்டார்கள் என்றார். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர் அது. அதே வல்கனைட்டில்தான் அப்போது பல்செட்டின் ஈறுப் பகுதியையும் செய்தார்கள். "போலி ஜெட்டும் பல்செட்டும் அன்றைக்கே ஒரே சரக்கு, நான் புதிதாக எதையும் கலக்கவில்லை" என்றார். இதற்கு மேல் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை, பர்ஸைத் திறந்தேன்.

அவர் இந்த வழிக்கு வந்ததும் நேராக வந்ததில்லை. ஆரம்பத்தில் எல்லோரையும் போலக் கப்கேக், ஸ்ட்ராபெரி, ஃபிரிட்ஜில் ஒட்டும் பூனை என்று செய்திருக்கிறார். கைவினைப் பொருள் விற்கும் இணையச் சந்தையான எட்ஸியில் போட்டார், போகவில்லை. பூனை செய்து விற்க உலகத்தில் ஏற்கெனவே ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒரு ஹாலோவீனுக்குத் தனக்காகச் செய்து மாட்டிக்கொண்ட மண்டையோட்டு ப்ரூச்சைப் பஸ்ஸில் இரண்டு பேர், லேபில் ஒருவர் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்களாம். அன்றைக்குப் பூனைக்கு முழுக்கு.

விற்பது செய்வதைவிடக் கஷ்டம் என்பதை அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. எட்ஸியில் ஒரு பொருளைப் பட்டியலில் போட 20 அமெரிக்க சென்ட், நாலு மாதத்தில் விற்கவில்லை என்றால் திரும்பவும் 20. விற்றால் அதில் 6.5 சதவீதம் அவர்களுக்கு, 2022 ஏப்ரல் வரை அது 5 ஆக இருந்தது. பணம் கைமாறும் கட்டணம் தனி. இதெல்லாம்கூடப் பரவாயில்லையாம், கறுப்புப் பொருளைப் படம் எடுப்பதுதான் பெரும்பாடு. வெளிச்சம் கம்மி என்றால் கரிக்கட்டை மாதிரி விழும், கூட்டினால் ஒட்டியிருக்கும் தூசு ஒவ்வொன்றும் தெரியும். செய்யும்போதும் அதே தூசுதான் எமன். கறுப்பு உருண்டையில் பூனைமுடி ஒன்று விழுந்தாலும் கண்ணை உறுத்தும், கறுப்பைத் தொட்ட கையால் வெள்ளைப் பல்லைத் தொட்டால் பல் சாம்பலாகிவிடும். அதனால் எப்போதும் முதலில் பல், கடைசியில்தான் கறுப்பு. நடுவில் ஸ்பிரிட் போட்டுக் கையைத் துடைக்க வேண்டும்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். ஒன்பது சென்டிமீட்டர் நீளத் தகரப் பெட்டி, மூடி முழுக்கக் களிமண் வேலை. நடுவில் மண்டையோடு, இரண்டு பக்கமும் வௌவால் சிறகு, சிறகின் நரம்புகள் தாள் கனத்துக்கு இழைத்திருக்கின்றன. சுடுவதற்கு முன்னால் மைக்கா தூளை விரலில் தொட்டு மேட்டில் மட்டும் தேய்த்திருக்கிறார், பழைய வெள்ளி மாதிரி மினுங்குகிறது. கண்ணுக்குக் கண்ணாடிக் குமிழ், பின்னால் சிவப்பு நெயில்பாலிஷ் அடித்தது. (கண்ணாடியில் அடிக்கலாம், களிமண்ணில் மட்டும் நெயில்பாலிஷ் அடிக்காதீர்கள், பிசுபிசுவென்று ஆகிவிடும். மகள் தன் பழைய பொம்மையில் அடித்துப் பார்த்து ஒன்றைக் கெடுத்தாள்.)

ஜனவரியில் சிறகு நுனி உடைந்தது. கீழே போட்டதால் இல்லை, துடைக்கும்போது துணி மாட்டி லேசாக இழுத்தேன், பிஸ்கட் மாதிரி 'டக்' என்று போய்விட்டது. உடைந்த இடம் பொடிப்பொடியாக இருந்தது. நன்றாக வெந்த பாலிமர் களிமண் மெல்லிசாக இருந்தால் வளையும், இப்படி முறியாது. 42 பவுண்ட் கொடுத்த வயிறு எரிந்தது, கொஞ்சம் காரமாகவே மெயில் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது, சாக்குப்போக்கு ஒன்றும் இல்லை. அந்த முறை ஃபீமோ, ஸ்கல்ப்பி பிரீமோ என்று இரண்டு கம்பெனிக் களிமண்ணைக் கலந்து பிசைந்தாராம். ஃபீமோ பாக்கெட்டில் சுடும் சூடு என்று போட்டிருப்பது 110 டிகிரி, பிரீமோவில் 130. வெள்ளைப் பல் பழுப்பாகிவிடுமோ என்று பயந்து 110இலேயே நிறுத்தியிருக்கிறார், பாதிச் சரக்கு அரைவேக்காடு. பெட்டியைத் தபாலில் வாங்கி, புதுச் சிறகு வைத்து, பல்லின் மேல் அலுமினியத் தாள் மூடி 130இல் மறுபடி சுட்டு அனுப்பினார். சுட்டதைத் திரும்பவும் சுடலாம் என்பது இந்தக் களிமண்ணில் உள்ள பெரிய சௌகரியம். தபால் செலவும் அவருடையதே. இப்போது சிறகு நுனியை அழுத்தினால் வளைந்து நிமிர்கிறது. இருந்தாலும் மூன்று வாரம் பெட்டி இல்லாமல் மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்ததை நான் மறக்கவில்லை.

வேறு குறை? உள்ளே ஒட்டியிருக்கும் சிவப்பு ஃபெல்ட் துணி படு மட்டம், ஒரு மூலை கோணல். மூடிக்கு அத்தனை நேரம் செலவழித்தவர் உள்ளுக்கு ஐந்து நிமிடம் கூடக் கொடுத்திருக்கலாம். மூடி கனம் என்பதால் முழுசாகத் திறந்தால் பெட்டி பின்பக்கம் சாய்கிறது, கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ப்ரூச்சில் ஒரு குறையும் இல்லை, என் கறுப்புக் கோட்டில் ஆறு மாதமாகக் கிடக்கிறது, மழையில் நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. அலுவலகத்தில் ஒருவர் ஜெட்டா என்று கேட்டார். ஜெட்டைப் போலவே இதுவும் தொட்டால் சில்லென்று இருக்காது, கனமும் இருக்காது, ஏமாறுவது சுலபம். இல்லை, பல்செட் என்று சொன்னேன், முழித்தார்.

லேப் வேலையை விட்டுவிட்டார், இப்போது இதுதான் பிழைப்பு. ஆர்டர் கொடுத்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அட்வான்ஸ் பாதி. என்ன நிறம், கண் என்ன கலர் என்று கேட்டுவிட்டுக் கடைசியில் பல் எத்தனை வேண்டும் என்பார். பந்தாவாக 32 என்று சொல்லிவிடாதீர்கள், அங்கேதான் விலை ஏறுகிறது. நான் அடுத்ததற்கு மேல்வரிசை மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.