சோபெல் மரைன் அகர் 2216: ஆய்வகப் பயன்பாட்டு மதிப்பீடு

கடல் பாக்டீரியாவை வளர்க்கும் ஆய்வகங்களில் 2216 என்ற எண்ணை அறியாதவர் அரிது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பணியாற்றிய கிளாட் சோபெல் 1941இல் வெளியிட்ட இந்த வளர் ஊடகம், இன்று கடலுப்புகளும், ஊடகத்தைக் கூழாக உறையவைக்கும் அகரும் சேர்ந்த உலர் தூளாகப் புட்டியில் கிடைக்கிறது. லிட்டருக்கு 55.1 கிராம் என்ற கணக்கில், 500 கிராம் புட்டி ஏறத்தாழ 9 லிட்டருக்குப் போதும்.

தயாரிப்பு எளிது, ஆனால் உப்புகள் ஏற்கெனவே தூளில் இருப்பதால் வாலை வடிநீரில்தான் கரைக்க வேண்டும். கடல் ஆய்வு என்பதால் கடல்நீரையே ஊற்றிவிடும் மாணவர்கள் உப்பை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து எடுத்ததும் குடுவையின் அடியில் மெல்லிய வீழ்படிவு தெரியும். அது தூளின் தரக்குறைவு அன்று, இந்த ஊடகத்தின் இயல்பு. சூடாக இருக்கும்போதே குடுவையை மெதுவாகச் சுழற்றிவிட்டுத் தட்டுகளில் ஊற்றினால் எல்லாத் தட்டுகளும் ஒரே சீராக அமையும். டிரைபியூட்டிரின் என்ற கொழுப்பைச் சேர்த்து, கொழுப்பைச் சிதைக்கும் லைப்பேஸ் நொதியைத் தேடுவோருக்கு மட்டும் இந்தக் கலங்கல் தொல்லை தரும், ஏனெனில் காலனியை (தட்டில் வளரும் பாக்டீரியாத் திட்டை) சுற்றிய தெளிவு வளையம் மங்கலாகவே தெரியும்.

நொதி தேடலில் இதன் உண்மையான வலிமை வேறொரு இடத்தில் இருக்கிறது. கடற்பாசி மேற்பரப்பைத் துடைத்தெடுத்த மாதிரியைப் பரப்பி அறை வெப்பநிலையில் சில நாள் வைத்தால், சில காலனிகள் தட்டின் மேல் நிற்காமல், தம்மைத் தாங்கும் அகரையே கரைத்துக்கொண்டு சிறு குழிக்குள் அமிழ்ந்து கிடப்பதைக் காணலாம். அகர் செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது என்பதால், அவற்றை உண்டு பழகிய பாக்டீரியாவுக்கு இந்தத் தட்டே உணவு. லூகால் அயோடின் என்ற அயோடின் கரைசலை ஊற்றினால் பழுப்புப் பின்னணியில் வெளிர் வளையம் துலங்கும். அகரோஸ் ஜெல் துண்டிலிருந்து டி.என்.ஏ.வை மீட்கப் பயன்படும், அகரைச் சிதைக்கும் அகரேஸ் நொதியைச் சுரப்பவை இவைதாம். அயோடினைத் தவிரத் தனியாக எந்த வினைப்பொருளும் வாங்காமல் இத்தகைய முதற்கட்டத் தேர்வு முடிந்துவிடுவதை இந்தத் தூளின் பெரிய இலாபமாகக் கருதுகிறேன்.

குறை என்று சொன்னால், இது கடலுக்குப் பொருந்தாத அளவுக்குச் செழிப்பான விருந்து. லிட்டருக்கு 5 கிராம் பெப்டோனும் (செரிக்கப்பட்ட புரதம்) 1 கிராம் ஈஸ்ட் சாறும் விரைந்து வளரும் இனங்களுக்கே சாதகமானவை. நுண்ணோக்கியில் எண்ணப்படும் செல்களில் நூற்றில் ஒன்றுகூடத் தட்டில் காலனியாக எழுவதில்லை. கடலின் மேற்பரப்பு நீரில் மிக மலிந்து கிடக்கும் சார்11 வகைப் பாக்டீரியா, 2002இல் சத்துக் குறைந்த கடல்நீரில் மிகவும் நீர்த்த நிலையில்தான் முதன்முதலாக வளர்க்கப்பட்டது. ஆகவே ஒரு கடற்பகுதியின் நுண்ணுயிர்ப் பன்மையை 2216 தட்டுகளை மட்டும் வைத்து மதிப்பிடும் ஆய்வேடுகளை நான் ஐயத்துடனேயே படிக்கிறேன். பெப்டோனையும் ஈஸ்ட் சாற்றையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, உப்பையும் அகரையும் குறைக்காமல் தயாரித்த தட்டுகளை உடன் வைப்பது இன்றியமையாதது.

அதீதச் சூழல் உயிரிகளுக்கு இதைப் பரிந்துரைக்க இயலாது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளப் பாத்திகளை இளஞ்சிவப்பாக்கும், உப்பை விரும்பும் நுண்ணுயிரிகளான ஹாலோ ஆர்க்கியாவுக்கு 15 முதல் 25 விழுக்காடு உப்பு தேவை. இந்தத் தூளிலோ சோடியம் குளோரைடு 2 விழுக்காட்டை எட்டுவதில்லை. வெந்நீர் ஊற்றுகளில் மிக உயர்ந்த வெப்பத்தில் வாழும் வெப்பவிரும்பிகளுக்கும் இது உதவாது, அந்த வெப்பத்தில் அகர் இளகிவிடும்.

வாங்குவோர் 100 கிராம் புட்டி கிடைத்தால் அதையே வாங்கலாம். மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், திறந்த புட்டி கடற்கரை ஊர்களின் மழைக்காலத்தில் விரைவில் கட்டிதட்டிப் போகும். பெரிய புட்டிதான் கிடைத்தது என்றால், திறந்த அன்றே 250 மில்லிக்கு வேண்டிய 13.8 கிராம் வீதம் நிறுத்துச் சிறு பைகளில் காற்றுப் புகாமல் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) வைத்துவிட வேண்டும்.