தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் மண்புழு உரம்: சில கோடைகளைக் கடந்த பிறகு

மண்புழுத் தொட்டி வைக்கலாமா என்று யார் கேட்டாலும், மாடியில் நாள் முழுக்க நிழல் விழும் மூலை இருக்கிறதா என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். இல்லையென்றால் வேண்டாம். தொட்டியைப் பற்றிக் கவலையே இல்லை. ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் டிரம்தான் என்னிடம் இன்னும் ஓடுகிறது. பக்கத்து வீட்டில் விலை கொடுத்து வாங்கிய அடுக்குப் பெட்டியிலும் இதே உரம்தான் வருகிறது.

பரவலாக விற்கும் சிவப்புப் புழு, ஐசீனியா ஃபெடிடா, 15 முதல் 25 டிகிரியில் சுகமாக வாழும் ஜாதி. அக்னி நட்சத்திரத்தில் நம்மூர் மாடியில் அதை வைப்பது பாவம். நாட்டுப் புழுக்களைக் கொண்டே உரம் செய்யலாம் என்று சென்னையில் பல வருடம் சொல்லி வந்தவர் பேராசிரியர் சுல்தான் இஸ்மாயில். நான் வைத்திருப்பதும் நாட்டுப் புழு பெரியோனிக்ஸ்தான். வெக்கையைத் தாங்கும், வேகமாகவும் பெருகும். ஒரே தொல்லை, மழைக்கு முன் தொட்டியை விட்டு ஊர்வலம் கிளம்பிவிடும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் முன்பே எங்கள் டிரம் மூடியில் கூட்டம் சேர்ந்துவிடும்!

கோடையில் டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுகிறேன். புழு தோலால் மூச்சு விடுகிறது, அதனால் காய்ந்தாலும் சாகும், தண்ணீர் தேங்கினாலும் சாகும். உள்ளே இருப்பதை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், அவ்வளவுதான் ஈரம். அடியில் தேங்காய் நார்க்கழிவும் ஆறிய பழைய மாட்டுச் சாணமும் போடுங்கள். பச்சைச் சாணம் சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும்.

கீரைத்தண்டு, வாழைப்பழத் தோல், டீத்தூள், பொடித்த முட்டை ஓடு எல்லாம் போடலாம். எலுமிச்சைத் தோல், ஊறுகாய், மீந்த சாம்பார் ஆகாது. காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு மீன் கழிவைப் பற்றிப் பேசாமல் முடியுமா? தலையும் குடலும் டிரம்முக்குள் போனால் நாற்றமும் ஈயும் தெருவையே கூட்டிவிடும். அதையே வெல்லம் சேர்த்துத் தனி டப்பாவில் மூடி வைத்தால், செடிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் மீன் அமிலமாகிறது. மீன் கழுவிய தண்ணீர் நேராகக் கறிவேப்பிலைக்கு.

எறும்புக்காக டிரம்மைச் செங்கல் மேல் ஏற்றி, கீழே தண்ணீர்த் தட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டாவிட்டால் கொசுப் பண்ணைதான்.

பலன்? செடித் தொட்டி மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு இந்த உரத்தைக் கலக்கிறேன். வெண்டையும் மிளகாயும் கோடை மத்தியானத்தில் முன்போல் துவள்வதில்லை, ஈரம் நிற்கிறது. தக்காளிக்கு இது மட்டும் போதவில்லை, எருவும் தேவைப்படுகிறது. நாலு பேர் வீட்டுக் கழிவு முழுவதையும் ஒரு டிரம் தின்றுவிடும் என்பதெல்லாம் விளம்பரம். வெயில் காலத்தில் பாதிகூடப் போகாது, மிச்சத்தை மாநகராட்சி வண்டியில்தான் போடுகிறோம்.

புழுவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். தொட்டி வைத்திருப்பவரிடம் முட்டைக்கூடுகளோடு ரெண்டு பிடி பழைய உரம் கேட்டு வாங்குங்கள், போதும்.