தண்ணீர்ச் சோதனை: பாட்டிலா, பையா, பெட்டியா?

டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீர் பளிங்கு போலத் தெரியும். அதே டம்ளரில் மலக்கிருமி இருக்கலாம், ஆர்செனிக் என்ற நச்சுப் பொருள் இருக்கலாம். இரண்டும் கண்ணில் படாது, நாக்கிலும் தெரியாது. ஆய்வகம் எட்டாத ஊர்களுக்குக் கையில் எடுத்துப் போகும் சோதனைகள்தான் வழி. எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இரண்டு கேள்வி கேட்பேன். தண்ணீரில் என்ன இருக்குமென்று பயப்படுகிறீர்கள்? இருக்கிறது என்று தெரிந்தால் மறுநாள் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலான ஊர்களில் முதல் பயம் மலக்கிருமிதான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் கறாரானது: மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியாவான ஈ.கோலை, 100 மில்லி குடிநீரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. இதைப் பார்க்க மூன்று வழிகள் உண்டு.

மிக எளிது, ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில். மஞ்சா என்ற இந்திய ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும் 1982-இல் வெளியிட்ட முறை இது. மருந்தில் தோய்த்துக் காயவைத்த காகிதம் பாட்டிலுக்குள் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்தால் போதும். கெட்ட தண்ணீர் கறுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் விடை, அதுதான் இதன் பலம். ஆனால் இது ஈ.கோலையைத் தனியாகக் காட்டாது; கந்தக வாயு உண்டாக்கும் எந்தக் கிருமிக்கும் கறுக்கும். நிலத்தடி நீரில் இயற்கையாகவே சல்ஃபைடு இருந்தால் நல்ல கிணறும் கெட்ட பெயர் வாங்கும். எவ்வளவு கிருமி என்றும் சொல்லாது.

அந்தக் குறையைத் தீர்ப்பது அறைகள் கொண்ட பிளாஸ்டிக் பை. 1, 3, 10, 30, 56 மில்லி என ஐந்து அறைகள், மொத்தம் 100 மில்லி. ஈ.கோலை உள்ள அறை நீலப்பச்சையாகும். எந்தெந்த அறை நிறம் மாறியது என்பதை அட்டவணையோடு ஒப்பிட்டால் 100 மில்லியில் ஏறத்தாழ எத்தனை என்று கிடைக்கும். தட்பவெப்பம் 25 டிகிரிக்கு மேல் இருந்தால், கிருமி வளரச் சூட்டைச் சீராக வைக்கும் இன்குபேட்டரே வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இதமான சூட்டில் இரண்டு நாள் வரை ஆகலாம், அவ்வளவுதான். 100-ஐத் தாண்டினால் இந்தப் பையால் எண்ண முடியாது. சரி, அதற்கு மேல் எவ்வளவு என்று தெரிந்து குடிப்பவருக்கு என்ன பயன்? ஒரு முறைக்கு ஒரு பை தீர்ந்துபோவதுதான் உண்மையான சுமை.

மூன்றாவது, சவ்வு வடிகட்டிப் பெட்டி. 100 மில்லி தண்ணீரை நுண்துளைச் சவ்வு வழியே இழுத்து, சவ்வை ஊட்டத் திண்டில் வைத்து, பேட்டரியில் ஓடும் இன்குபேட்டரில் 44 டிகிரியில் வளர்ப்பார்கள். முளைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். துல்லியத்தில் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகாது. நிறைய மாதிரிகளைத் தொடர்ந்து பார்க்கும் குழுவுக்கு இதுவே கட்டுபடியாகும். ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கு முன்பும் கருவியைக் கிருமி நீக்க வேண்டும், பேட்டரிக்குச் சார்ஜ் இருக்க வேண்டும், கை பழகியிருக்க வேண்டும். பழகிய ஆள் ஊரை விட்டுப் போனால் பெட்டி மூலையில் கிடக்கும். அதனால் சிறிய ஊருக்கு நான் பையைத்தான் சொல்வேன்.

ஒன்றை மறக்கக் கூடாது. மூன்றிலும் விடை வருவதற்குள் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருப்பார்கள். அதனால்தான் குளோரின் போடும் ஊரில், தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் டிபிடி மாத்திரைச் சோதனையை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். மாத்திரையைக் கரைத்தால் ஒரு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்பு நிறம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரின் இருந்தால், பாக்டீரியாவுக்கு எதிராகக் காவல் இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் அந்த மணி நேரத்திலேயே மருந்து சேர்க்கலாம். குளோரின் அளவுக்கு மீறினால் நிறம் வெளுத்து, குளோரினே இல்லாதது போல ஏமாற்றும். வாசனை தூக்கலாக இருந்தும் நிறம் வராவிட்டால் தண்ணீரை நீர்க்கச் செய்து மறுபடி பாருங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் அதைத் தெளியவையுங்கள், சேற்றுக்குள் ஒளிந்த கிருமியைக் குளோரின் எளிதில் தொடாது.

கையடக்க டிடிஎஸ் மீட்டரைப் பற்றி வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அது மின்கடத்துதிறனை வைத்து உப்பைக் கணக்கிடுகிறது. கிருமி அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற ஆர்செனிக் வரம்பைப் பல மடங்கு தாண்டிய தண்ணீரிலும் அதன் ரீடிங் அழகாகவே இருக்கும். அந்த எண்ணை நம்பிக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

ஆர்செனிக்குக்குத் தனி கிட் உண்டு. கிட்டிலுள்ள மருந்தைச் சேர்த்ததும் தண்ணீரிலுள்ள ஆர்செனிக் ஆர்சின் வாயுவாகக் கிளம்பி, பாதரச புரோமைடு தடவிய வெள்ளைக் காகிதத்தை அளவுக்கேற்ப மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற்றும். வாயு விஷம் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். வரம்பை ஒட்டிய அளவுகளில் நிறம் பிரித்தறிவது சிரமம், ஆனால் பெரிய ஆபத்தை இது தவறவிடுவது அரிது. அப்புறம், கிருமி போல ஆர்செனிக் நாளுக்கு நாள் மாறாது. ஒரு கிணற்றை எப்போதாவது பார்த்தால் போதும். வங்கதேசத்தில் இப்படித்தான் 2000-களின் தொடக்கத்தில் சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானதன் முனையில் சிவப்பும் மற்றதில் பச்சையும் பூசினார்கள். தண்ணீர் எடுக்க வந்தவருக்கு அந்த நிறமே விடையாக இருந்தது. பிறகு பெயிண்ட் உதிர்ந்தது, புதுக் கிணறுகள் சோதனை இல்லாமலே தோண்டப்பட்டன.