ஓட்டு வீட்டு மச்சில் அறை: மரச்சட்டமா, ஜி.ஐ. சட்டமா?

ஆரியங்காவு கணவாய் வழியே சாரல் இறங்கும் செங்கோட்டைப் பக்கம் மச்சில் அறை தடுக்கும் சுவருக்கு மரச்சட்டம் போட்டால் முதல் எதிரி ஈரம், அடுத்தது கரையான். சரியாகக் காயாத மரம் பிறகு முறுக்கிக்கொள்ளும். சட்டத்தின்மேல் அடித்த சுவர்ப் பலகையின் மூட்டு வெடிக்கும். ஆனால் கூரைச் சரிவுக்கேற்ப மேல்முனையைச் சாய்த்து அறுக்க மரம்தான் வசதி.

ஜி.ஐ. சட்டம் (துத்தநாகம் பூசிய இரும்பு) எடை குறைவு, கரையான் தொடாது. நம் தேர்வு அதுதான். 4 அடி அகலப் பலகைக்கு 2 அடிக்கொரு நிமிர்சட்டம். பலகை விளிம்புகள் சட்டத்தின் நடுவில் சேர வேண்டும். அலமாரி மாட்டும் இடத்தில் மட்டும் உள்ளே மரக்கட்டை வையுங்கள். சாதா ஜிப்சம் பலகை வேண்டாம், ஓடு ஒழுகினால் ஊறிவிடும். சிமெண்ட் ஃபைபர் பலகை தாங்கும்.

எதுவானாலும் அடிச்சட்டத்தை மச்சுப் பலகையில் மட்டும் முடுக்கினால் சுவர் ஆடும். திருகு உத்தரத்தில் இறங்கணும். சுவர் இரண்டு உத்தரங்களுக்கு நடுவே வந்தால், முதலில் அந்த இரண்டுக்கும் இடையே குறுக்குக்கட்டை அடித்து, அதில் திருகை இறக்குங்கள்.