உப்புக்காற்றில் பூவை நெருங்க: மேக்ரோ லென்ஸா, டியூபா, குளோசப் லென்ஸா?

வாலிநோக்கம் உப்பளப் பக்கமும் பாம்பன் தீவின் மணல் ஓரங்களிலும் படர்ந்து கிடக்கும் கொழுத்த இலைச் செடியான செசுவியத்தின் பூவை நெருங்கி எடுக்க எது நல்லது என்று கேட்டால், லென்ஸின் முன்னால் திருகும் கண்ணாடியான குளோசப் லென்ஸ் என்றுதான் சொல்வேன். கேமராவைத் திறக்காமலே வேலை முடிகிறது என்பதே முக்கியக் காரணம்.

பூ ஒன்று, ஒன்றரை செ.மீ. அகலம்தான் இருக்கும். இளஞ்சிவப்பாகத் தெரிவது அல்லி இதழ் அல்ல, புல்லி. அதன் வெளிப்புறம் பச்சையாக இருக்கும். நடுவில் மகரந்தத் தாள்கள் கூட்டமாக நிற்கும். நாளில் சில மணி நேரமே விரியும். பல நாள் அதே நேரத்தில்தான் கடல்காற்றும் கிளம்புகிறது. சிக்கலே அங்கேதான்.

படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸுக்கு ஈடில்லை. ஓரம் வரை கூர்மை, 1:1 வரை நெருக்கம், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் பூவின் அளவே இருக்கும். ஆனால் 1:1 அளவில் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. தான். காற்றில் தண்டு அதைவிட அதிகமாக ஆடும். 1:2 அளவில் நிறுத்தினால் ஆழம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். கொழுத்த இலைகளும் படத்துக்குள் வரும். இந்தச் செடிக்கு அதுதான் அழகு. அதற்காக அவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும், கண்ணாடியே இல்லாத வெறும் வளையம். 50 மி.மீ. லென்ஸோடு 25 மி.மீ. டியூபைச் சேர்த்தால் 1:2 கிடைத்துவிடும். மொட்டை மாடியில் அடீனியம், பத்துமணிப்பூ எடுக்க இது தாராளம். கடற்கரைக்கு வேண்டாம். டியூப் இருக்கும்வரை தூரத்தில் ஃபோகஸ் ஆகாது. அலையை எடுக்க வேண்டுமென்றால் கழற்றியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மணலும் உப்பு ஈரமும் சென்சார் வரை போகும். ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சமும் போய்விடும், லென்ஸின் நிழலும் பூமேல் விழும்.

குளோசப் லென்ஸை முன்னால் திருகினால் போதும். 70-300 ஜூமை 200 மி.மீ.இல் வைத்து, ஃபோகஸை முடிவிலிக்குத் திருப்பி, +4 டயாப்டர் சக்தியுள்ள குளோசப் லென்ஸை மாட்டினால் 0.8 மடங்கு கிடைக்கும். பூ 25 செ.மீ. தள்ளி இருக்கும். +2 என்றால் 0.4 மடங்கு, 50 செ.மீ. வெளிச்சம் குறையாது, நிழலும் விழாது. அலைத்தூறலும் முதலில் இந்தக் கண்ணாடியில்தான் படும். துடைப்பதற்கு முன் புளோயரால் ஊதிவிடுங்கள், மணலோடு தேய்த்தால் கீறல் நிச்சயம். ஒற்றைக் கண்ணாடி வகையில் ஓரங்களில் ஊதா, பச்சை விளிம்பு தெரியும். இரண்டு கண்ணாடி ஒட்டிய அக்ரோமாட் வகையே வாங்குங்கள்.

உப்பு நிலத்துச் செடியான உமரிக்கு மட்டும் என் தீர்ப்பு மாறும். குண்டூசித் தலையளவுப் பூ அது, 1:1 கூடப் போதாது. மேக்ரோ லென்ஸோடு டியூபும் ட்ரைபாடும் வேண்டும், காற்று ஓயும் வேளையும் வேண்டும். டியூபை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். சப்பாத்திக்கள்ளியின் மஞ்சள் பூ பெரியது. அதற்குப் போன் கேமராவே போதும்.

அப்புறம், வாங்கும் முன் உங்கள் ஜூமின் ஃபில்டர் விட்டத்தைப் பாருங்கள். 58, 62, 67 மி.மீ. என்று லென்ஸுக்கு லென்ஸ் மாறும். இரண்டு ஜூம் இருந்தால் பெரிய விட்டத்துக்கே வாங்கி, சின்னதற்கு விட்டத்தை ஈடுகட்டும் ஒரு வளையம் சேர்த்துக்கொள்ளலாம்.