மடிநோய்க்கு எது உதவும்: சத்து ஊசியா, தினமும் தாது உப்பா?

மடி வீங்கிக் கிடக்கிற மாட்டின் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, துத்தநாகம் குறைவு, இரும்பு குறைவு என்று வந்த தாளோடு "என்ன சத்து ஊசி போடலாம்?" என்று ஓடுபவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குறைவு தீவனத்தில் வந்ததாகத்தான் இருக்கும் என்றில்லை. மடிக்குள் ஈ.கோலை மாதிரி வேகமான கிருமி புகுந்தால், ரத்தத்தில் ஓடும் துத்தநாகத்தைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்கிறது, இரும்பையும் கிருமிக்குக் கிடைக்காமல் பதுக்குகிறது. தாமிரம் நேர் எதிர்: அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் நோயில் அதிகமாகச் சுரப்பதால் அளவு ஏறும். ஆகவே உண்மையிலேயே தாமிரக் குறை உள்ள மாடுகூட அந்த வாரத்தில் நன்றாக இருப்பதுபோல் தெரியும்!

அதனால் நோய் நேரத்து இரும்பு ஊசியை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். உடம்பு பாடுபட்டு ஒளித்ததை நாமே கிருமிக்கு எடுத்துக் கொடுப்பானேன்?

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, கன்று ஈனுவதற்கு 3 வாரம் முன்பு செலினியம் (துளியளவே தேவைப்படும் ஒரு தாது) ஊசி, கூடவே வைட்டமின் ஈ. அமெரிக்காவின் ஒஹையோவில் செய்து 1984இல் வெளியான ஆய்வில், வற்றுக்காலத் தீவனத்தில் வைட்டமின் ஈ சேர்த்த மாடுகளுக்கு மடிநோய் 37 சதவீதம் குறைந்தது. செலினியம் ஊசி மட்டும் போட்டபோது நோய் வருவது குறையவில்லை, வந்த நோய் சீக்கிரம் தீர்ந்தது. கிருமியைக் கொல்லும் ரத்த வெள்ளணு, அதற்காகத் தான் சுரக்கும் ரசாயனத்தாலேயே தன்னைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க இவை இரண்டும் வேண்டும். ஆனால் செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி ரொம்பச் சின்னது, மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்னொன்று தினமும் தீவனத்தில் கலக்கிற தாது உப்பு. பலன் மெதுவாகத்தான் தெரியும், ஆனால் காம்புத் துளையை அடைக்கும் கெரட்டின் உருவாகத் துத்தநாகம் வேண்டும், அது ஒரே ஊசியில் நடக்கிற காரியமில்லை. மூட்டையில் செலினியமும் இருக்கிறதா என்று பாருங்கள், எல்லாவற்றிலும் இருப்பதில்லை.

என் ஓட்டு இதற்குத்தான், ஊசி அடுத்தபடி. நம்மில் பலர் பால் வற்றியதும் "இப்ப எதுக்குச் செலவு" என்று தாது உப்பை நிறுத்திவிடுகிறோமே, அதுதான் எனக்கு ஆற்றாமை. ரத்தப் பரிசோதனைக்குக் காசு இருந்தால், வீக்கம் வடிந்து சில வாரம் கழித்து, கொட்டகையில் நன்றாக இருக்கும் மாடுகளிலும் சேர்த்து எடுங்கள்.